முடிச்சின் உள்பக்கம்

பித்துங், 9 ஜூன் 2003

இல்லை, மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. அம்மா உன்னிடம் அப்படித்தான் சொல்லியிருப்பாள். தொலைபேசிக் கடையில் ரிசீவரை என் காதோடு வைத்து அழுத்தினாள். அந்தப் பக்கம் நீ மூச்சு விடுவது கேட்டது. பிறகு வைத்துவிட்டாய். வரிசையில் பின்னால் நின்ற பெண் சிரித்தாள். ஆகவே கடிதம்.

மன்னிப்பு இல்லை, நோவ்ரி அண்ணா. அந்தத் தவளை மீன் செத்தது. சிவப்புக் கடற்பஞ்சின் முன்னால் வைத்தால் படம் நன்றாக வரும் என்று விருந்தினருக்கு விருந்தினர் அதைக் குச்சியால் தள்ளிக்கொண்டே போனாய். கடைசியில் அது மணலில் பக்கவாட்டில் கிடந்தது. நீ வழிகாட்டியாக இருந்த டைவ் விடுதியின் மேலாளருக்கு எழுதினேன். உன் பெயரைப் போட்டுத்தான் எழுதினேன். நீ வேலையை இழப்பாய் என்று தெரிந்துதான் எழுதினேன் என்று சொல்ல முடியாது. தெரியாது என்றும் சொல்ல முடியாது.

இப்போது விஷயம். எள்ளு.

போன வருடம் மார்ச்சில், என் பிறந்தநாளன்று, சர்ச்சுக்குக் கீழே உள்ள கடலடிச் சரிவில் நீ எனக்குக் காட்டியது. கடலடியில் வளரும் வெள்ளை இறகு ஒன்றின் நுனியில் ஓடில்லாத ஒரு கடல் நத்தை. எள் அளவு. பால் நிறம், முதுகில் நீல முனைகள். நீதான் பெயர் வைத்தாய். என்னிடம் அன்று கேமரா இல்லை. மேலே வந்ததும் புத்தகங்கள் எல்லாவற்றையும் புரட்டினேன். எதிலும் இல்லை. இன்றுவரை இல்லை.

என் ஆய்வேட்டில் அதற்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், அந்த ஓர் அத்தியாயம்தான் என்னுடையது. மற்றவை பிறர் ஏற்கெனவே எழுதியவற்றை நான் மறுபடி எழுதியது. பேராசிரியர் லிடியா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம்.

"படம் எங்கம்மா? நீ பாத்தேன்னா நான் நம்புவேன். தேர்வுக் குழு நம்பணுமே."

செப்டம்பர் முடிவதற்குள் உயிரோடு ஒரு படம். இல்லையென்றால் அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும்.

ஈஸ்டரிலிருந்து தேடுகிறேன். விடுமுறை நாட்களில் விடுதியின் பழைய கேமராவைக் கொடுக்கிறார்கள். ஒரு ரோலில் முப்பத்தாறு படம். போன வாரம் கழுவிப் பார்த்தால் முப்பத்தாறிலும் கறுப்பு மணல். எள் என்று நினைத்தவை மணல். இறகு என்று நினைத்தவை நூல். கண்ணாடிக்குள் என் கண் வலிக்கிறது. இரவு கண்ணை மூடினாலும் மணல்தான்.

நீதான் கண்டுபிடித்தாய். எந்த ஆழம், எந்தக் கல்லின் பக்கம்? ஒரு வரி போதும்.

ஃபெம்மி

*

சோரோங், 1 ஜூலை

ஆராய்ச்சிக்காரிக்கு,

உன் கடிதம் எங்க டைவ் கப்பலோட ஏஜெண்ட் ஆபீஸ்ல டீசல் டின்னுக்கு அடியில கெடந்துச்சு. பாதி எழுத்து எண்ணெய்ல போச்சு. "மன்னிப்பு இல்லை"ன்ற வரி மட்டும் பளிச்சுன்னு இருக்கு. கடவுளுக்கே உன் குணம் தெரியும்.

எனக்கு எழுத வராது, பேசுற மாதிரியே எழுதுறேன். தப்புக் கண்டுபிடிச்சுச் சிவப்பு மையில திருத்தி அனுப்பாத.

இங்க எல்லாம் பெருசு பெருசா இருக்கு. திருக்கை, சுறா, அரை கிலோமீட்டருக்கு மீன் கூட்டம். விருந்தாளிங்க வாயப் பொளந்துட்டு மேலயே பாக்குறாங்க. நான் ஒரு பவளக் கிளையில அரிசி மாதிரி ஒரு நண்டக் காட்டினேன். ஒரு ஆளு மேல வந்து, "நோவ்ரி, உனக்குக் கண்ணுல ஏதாச்சும் பிரச்சனையா?"ங்கிறான். பத்து வருஷமா நம்ம ஜலசந்தியில மணலுக்குள்ள மூக்க விட்டுட்டுக் கெடந்தவன். இங்க எனக்கு வேலையே இல்லாத மாதிரி இருக்கு. ஊருக்குத் திரும்பலாம்னா, ஜலசந்தி முழுக்க என் பேரு "மீன் தள்ளி". படகுக்குப் படகு அதத்தான் சொல்லிச் சிரிக்கிறானுங்களாமே. படகோட்டுற ஊத்து மாமா சொன்னாரு.

ஒண்ணு கேக்குறேன். நம்ம வீட்டுல ஒரே மேசையில உக்காந்துதானே கஞ்சி குடிச்சோம். "டேய், அந்த மீனை விடு"ன்னு ஒரு வார்த்தை மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியலையா? மேலாளருக்கு அரைப் பக்கம் எழுத முடிஞ்சுச்சு.

எள்ளு எங்கன்னு கேக்குற. சரிவுலதான். எங்க பாத்தியோ அங்கதான். கண்ணத் தொற.

அம்மாகிட்ட சொல்லு, சூரைக் கருவாடு அனுப்ப வேண்டாம், கப்பல்ல வர்றதுக்குள்ள எலி தின்னுடுது.

நோவ்ரி

*

பித்துங், 20 ஜூலை

சரிவில் இல்லை.

இதை எரிச்சலில் எழுதவில்லை. எரிச்சலிலும்தான் எழுதுகிறேன். ஆனால் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

அந்த நத்தை உட்கார்ந்திருந்தது வெள்ளை இறகில். கையில் பட்டால் கொட்டும், நாம் செடி என்று சொல்லும் விலங்கு. இந்த வகை நத்தை எதைத் தின்கிறதோ அதன் மேலேயேதான் வாழும், முட்டையிடும், சாகும். வீடும் சோறும் ஒன்று. ஆகவே நத்தையைத் தேடுவதை விட்டுவிட்டு இறகைத் தேடினேன். சர்ச்சுச் சரிவில் மேலிருந்து கீழ்வரை. ஒன்றுகூட இல்லை. அங்கே நீரோட்டமே போதாது. அது நீர் ஓடுகிற இடத்தில், தொங்குகிற எதிலாவதுதான் வளரும்.

அன்று நான் பார்த்த அந்த ஒரே இறகு, ஒரு கல்லின் பிளவில் இருந்தது. செருகினாற்போல் இருந்தது. அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

ஊத்து மாமாவிடம் கேட்டேன். படகின் விளிம்பில் உட்கார்ந்து வாழைப்பழம் பொரித்ததை மிளகாய்ச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, போன வருஷம் என் பிறந்தநாளுக்கு முன்னாடி அண்ணன் எங்க டைவ் போனான்?"

"என்னைக் கேக்குறியா? உன் அண்ணனைக் கேளு."

"அவன் சொல்ல மாட்டேங்கிறான்."

"நீ அவனைப் பத்தி எழுதிக் குடுத்தே. இப்போ என்னைப் பத்தியும் எழுதிக் குடுக்கப் போறியா, கேக்கே? எனக்குப் பொண்டாட்டி இருக்கு, படகுக்கு எஞ்சின் மாத்தணும்."

சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி 'கேக்கே' போட்டு, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் மட்டுமல்ல. நான் படகில் ஏறினால் மற்ற வழிகாட்டிகள் குச்சியை முதுகுக்குப் பின்னால் ஒளித்து விளையாடுகிறார்கள். "ஐயோ, ஃபெம்மி வர்றா, கையக் கட்டுங்கடா." உன் பெயர் மீன் தள்ளி. எனக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேமராப் பெட்டியின் ரப்பர் வளையத்தில் ஒரு மயிர் ஒட்டியிருந்து, போன வாரம் உள்ளே நீர் கசிந்தது. நல்லவேளை, ஃபிளாஷ் மட்டும்தான் போயிற்று. வேறு ஃபிளாஷ் தருகிறார்கள். அது இரண்டு முறைக்கு ஒரு முறைதான் அடிக்கிறது.

இப்போது நேராகக் கேட்கிறேன், மூஞ்சிக்கு நேராக என்று வைத்துக்கொள். என் ஆய்வேட்டில் "வாழிடம்: சர்ச்சுச் சரிவு" என்று எழுதியிருக்கிறேன். அது பொய் என்று நினைக்கிறேன். நீ அதை எங்கிருந்து எடுத்து வந்தாய்?

ஃபெம்மி

*

வைகியோ பக்கம், கப்பலில், 8 ஆகஸ்ட்

கேக்கே,

சரி. கண்டுபிடிச்சுட்ட.

பிறந்தநாளுக்கு ஒரு பொண்ணுக்கு என்ன குடுப்பாங்க? சட்டை. வாட்ச். உனக்குச் சட்டை குடுத்தா அத மடிச்சுப் பெட்டியில வெச்சுட்டு மறந்துடுவ. யாரும் பாக்காதது ஒண்ணக் காட்டினா சாகுறவரைக்கும் பேசுவன்னு நெனச்சேன். அது இருந்த எடத்துக்கு உன்னக் கூட்டிட்டுப் போக முடியாது. பழைய சூரை ஆலையோட படகுத்துறைக்குக் கீழ. நாத்தம், டீசல், மேல எந்த நேரமும் படகு. "அவள அந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போனே, உனக்கு இந்த வீட்டுல சோறு கெடையாது"ன்னு அம்மா சொல்லிட்டா. அதான் ஒரு இறகோட கிள்ளி, தண்ணி பாட்டில்ல போட்டு, வீட்டு வாசலாட்டம் இருக்குற சரிவுல கொண்டாந்து செருகி வெச்சேன். நீ தண்ணிக்கடியில கத்துன பாரு, வாயிலிருந்து காத்துக்குழாயே வெளிய வந்துடுச்சு. அத நான் இன்னும் நெனச்சுச் சிரிப்பேன்.

நீ அத வெச்சு அத்தியாயம் எழுதுவேன்னு யாரு கண்டா? எழுதுறேன்னு சொன்னப்பவே சொல்லியிருக்கணும். நீ அவ்ளோ சந்தோஷமா இருந்த. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் நீ என்னப் பத்தி எழுதுன. அப்புறம் எதுக்குச் சொல்லணும்?

இப்போ வழி. எழுதி வெச்சுக்கோ.

துறையோட மூணாவது தூண்லேர்ந்து எறங்கு. தரையில ஒரு மஞ்ச ரப்பர் பூட்ஸ் கெடக்கும், இடது கால். அதோட மூக்கு எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் போ. சோத்துப் பானை மூடி ஒண்ணு சாஞ்சிருக்கும், அதுக்கு அடியில ஒரு விலாங்கு குடியிருக்கு, கைய விடாத. மூடிய விட்டு வலது பக்கம் திரும்பினா காலு ஒடஞ்ச வெள்ள நாற்காலி. நாற்காலில உக்காந்தா நேர் எதிர்ல பழைய படகு எஞ்சின் ஒண்ணு மணல்ல புதைஞ்சிருக்கும். அதுலேர்ந்து ஒரு கயிறு மேல போகும். கயிறு முழுக்க வெள்ள இறகுதான். அங்க ஒண்ணு ரெண்டு இல்ல, குடும்பமே இருக்கு.

தண்ணி ஓடாம நிக்கிற நேரத்துல போ. ஊத்து மாமாவ மேல காவலுக்கு வெச்சுக்கோ. தனியாப் போகாத.

போட்டோ எடுத்தா எனக்கும் ஒண்ணு.

நோவ்ரி

*

பித்துங், 24 ஆகஸ்ட்

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. சமையலறையில் நின்றபடி படித்தேன். படித்து முடித்ததும் தரையில் உட்கார்ந்தேன். "செத்துட்டானா?" என்றாள் அம்மா. "இல்ல, நல்லாயிருக்கான்" என்றேன். "அப்ப எதுக்குடி அழுற?"

எதற்கு என்று உனக்குச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் பதினேழு, சுதந்திர தினத்துக்கு முன்னால் ஊர்கூடிச் சுத்தம் செய்யும் வேலை இருக்கிறதே. வேலிக்குச் சுண்ணாம்பு, சாக்கடைக்கு மண்வெட்டி, கொடிக்கு மூங்கில். இந்த வருடம் நான் ஒரு யோசனை சொன்னேன். நான்தான் சொன்னேன். கடலுக்கு அடியிலும் செய்யலாமே என்று. பேராசிரியர் மாணவர்களை அனுப்பினார். விடுதி காற்று டேங்க் கொடுத்தது. ஊர்த் தலைவர் கைதட்டினார். எங்கே குப்பை அதிகம் என்று கேட்டார்கள். பழைய சூரை ஆலைத் துறை என்றேன்.

பதினாறாம் தேதி இறங்கினோம். கையில் கொடியின் நிறத்தில் சிவப்பு வெள்ளை ரிப்பன்.

பாட்டில்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தோம். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, குட்டிக் கணவாய்களையும் மீன் முட்டைகளையும் அங்கேயே விட்டோம். நான் அவ்வளவு கவனமாக இருந்தேன். மாணவர்களைத் திட்டினேன். பூட்ஸை நான்தான் எடுத்தேன். மஞ்சள், இடது கால். மூடியை ஒரு பையன் தூக்கினான், விலாங்கு அவன் கையுறையைக் கடித்தது, எல்லோரும் மேலே வந்து சிரித்தோம். வெள்ளை நாற்காலியைக் கரையில் போட்டு அதில் ஊர்த் தலைவர் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்.

கயிறு கடைசியில். அதற்குள் சேறு கிளம்பி என் கையே எனக்குத் தெரியவில்லை. தடவித் தடவிக் கீழே போய் அடியில் அறுத்தேன். மணிக்கட்டில் சுரீரென்று கொட்டியது. ஏதோ கொட்டுகிறது என்று நினைத்தேன். ஈஸ்டரிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்தது என் மணிக்கட்டில் கொட்டியது, நான் ஏதோ என்று நினைத்தேன்.

தழும்பு இன்னும் இருக்கிறது. சிவப்பாக, வரிசையாக.

கடிதம் படித்ததும் ஆலையின் பின்புறம் ஓடினேன். குப்பை அங்கேதான் குவிந்திருக்கிறது, லாரி இன்னும் வரவில்லை. கயிற்றை வெளியே இழுத்தேன். வெயிலில் காய்ந்து விறைத்திருந்தது. அதன் மேல் இறகுகள், கிழவியின் தலைமுடி போல. உருப்பெருக்கியோடு ஒவ்வொரு முழமாகப் பார்த்தேன். நத்தை காய்ந்தால் ஒன்றும் மிஞ்சாது என்று எனக்குத் தெரியும். எச்சில் காய்ந்த தடம் மாதிரி ஒன்று. அப்படித் தடங்கள் இருந்தன. எது நத்தை, எது வெறும் உப்பு என்று சொல்ல முடியவில்லை.

நீ ஒரு மீனைத் தள்ளினாய். நான் ஒரு குடும்பத்தையே கரையேற்றினேன். கைதட்டலோடு.

உன் கடிதம் ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால். உன் முதல் கடிதத்தில் இரண்டு வரி உண்மை எழுதியிருந்தால். நான் அன்றைக்கு உன்னிடம் மேசையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். இப்படியே பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன். பேராசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஃபெம்மி

*

சோரோங், 7 செப்டம்பர்

கேக்கே,

ரெண்டு நாள் கோவத்துல இருந்தேன். யாரு மேலன்னு தெரியல. மூணாவது நாள் சாப்பிடும்போது ஊர்த் தலைவர் அந்த நாற்காலில உக்காந்தத நெனச்சுட்டேன். மூணு காலு நாற்காலில! சோறு மூக்குல ஏறிடுச்சு. சமையக்காரன் முதுகுல தட்டுறான். நீ கோவிச்சுக்காத. நானும் அழுற ஆளு இல்ல, உனக்குத் தெரியும்.

சரி, இத நல்லாக் கேளு. நீ கயித்த "அடியில" அறுத்தேன்னு எழுதியிருக்க. அது அடி இல்ல. அந்தக் கயிறு எஞ்சினுக்குக் கீழ போய், ரெண்டு சுத்து சுத்தி, அந்தப் பக்கம் ஒரு முடிச்சா முடியுது. எனக்குத் தெரியும். என் சித்தாள் காலத்துல அத அங்க கட்டினதே நான்தான், படகு நிறுத்த. நான் போட்ட முடிச்ச எவன் கத்தியும் அறுக்காது. எஞ்சினத் தூக்க உங்க மாணவர் படைக்குத் தெம்பும் கெடையாது. அப்போ முடிச்சு அங்கேயே இருக்கு. முடிச்சு இருந்தா இறகு இருக்கலாம். நான் "இருக்கலாம்"னுதான் சொல்றேன். என்ன நம்பி இன்னொரு அத்தியாயம் எழுதிடாத.

இன்னொண்ணு. எள்ளு இருந்தா முடிச்சோட உள்பக்கம்தான் இருக்கும், எஞ்சின் பக்கமா. தண்ணி அடிக்காத எடம். உன் கேமராவுக்கு மூஞ்சி காட்டாது. லென்ஸ் அங்க போகாது. குச்சியால கயித்த ஒரு விரக்கடை திருப்பினாத் தெரியும். அவ்ளோதான். ஒரு விரக்கடை.

அப்ப நீ என்ன பண்றேன்னு எனக்குப் பாக்கணும்.

இங்க போன வாரம் ஒரு அம்மாவுக்கு ஒரு குட்டிக் கடல்குதிரயக் காட்டினேன், அது எப்பவும் போல முதுகத் திருப்பிக்கிச்சு. அந்த அம்மா என்னப் பாத்துக் கைய ஆட்டுது, திருப்பு திருப்புன்னு. குச்சிய எடுத்தேன். உன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. சத்தியமா வந்துச்சு.

ஆனாலும் திருப்பினேன். பொய் சொல்லக் கூடாதுல்ல.

நோவ்ரி

*

பித்துங், 24 செப்டம்பர்

முடிச்சு இருந்தது.

தண்ணீர் நின்ற நேரத்தில் ஊத்து மாமாவோடு போனேன். எஞ்சின் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது, சுற்றிலும் பெருக்கித் துடைத்த வீடு மாதிரி வெறும் மணல். இப்படி ஒரு வெறுமையை நான் அந்த ஜலசந்தியில் பார்த்ததில்லை. நான் செய்தது. எஞ்சினின் அந்தப் பக்கம் ஒரு முழம் கயிறு. அதில் வெள்ளை இறகுகள், ஐந்தாறு, குட்டையாக.

உள்பக்கம், நீ சொன்ன இடம். முதலில் நீலம்தான் தெரிந்தது. ஒரு நீல முனை. பிறகு இன்னொன்று. அது தின்றுகொண்டிருந்தது. உருப்பெருக்கியின் பின்னால் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். என் வாயிலிருந்து குழாய் வரவில்லை, கத்தவில்லை. ஒன்றுதான் இருந்தது. நீ சொன்ன குடும்பம் இல்லை.

லென்ஸ் போகவில்லை. எஞ்சினுக்கும் கயிற்றுக்கும் நடுவே உள்ளங்கை நுழையும் இடம்தான். கேமராவைச் சாய்த்தேன், கவிழ்த்தேன், மணலைத் தோண்டி அதற்குக் கீழே படுத்தேன். இந்தப் பெரிதாக்கத்தில் மயிரிழை அளவுதான் தெளிவாக விழும். நான் மூச்சு விட்டால் அது போய்விடும். ஃபிளாஷ் அடித்தபோது கை ஆடியது, கை நின்றபோது ஃபிளாஷ் அடிக்கவில்லை. காற்று தீர்ந்தது. மேலே வந்தேன்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் மேலே படகு வந்து நின்று டீசல் ஊற்றியது. திரும்பினோம்.

"குச்சி எதுக்குடி வெச்சிருக்கே, காது கொடையவா?" என்றார் ஊத்து மாமா. "ஒரு விரக்கடை. யாரு பாக்கப் போறா? நான் மேல இருக்கேன். எனக்குக் கண்ணும் தெரியாது."

அவரும் உன்னோடு பேசி வைத்திருப்பார் என்று சந்தேகம்.

விடுதியில் ஸ்லைடு கழுவும் மருந்து தீர்ந்துகொண்டிருந்தது. பேராசிரியர் முப்பதாம் தேதி வெளியூர் போகிறார். இவை காரணங்கள் அல்ல. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

மூன்று நாள் முன்பு கயிற்றைத் திருப்பினேன். ஒரு விரற்கடைதான். நுனி மட்டும் பட்டது. அது வெளியே வந்தது, வெளிச்சத்துக்கு, முழுதாக. ஒரு படம் எடுத்தேன். ஃபிளாஷ் அடித்தது. லென்ஸைத் தள்ளி மறுபடி கண்ணை வைத்தபோது இறகு மட்டும் இருந்தது. திருப்பியதும் அது நீரோட்டத்தின் பக்கம் வந்துவிட்டிருக்கிறது. தண்ணீர் அப்போது நிற்கவில்லை, ஓட ஆரம்பித்திருந்தது, நான் கவனிக்கவில்லை. மணலில் தேடினேன். எள்ளை மணலில் தேடுவது எப்படியென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஊத்து மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு வாழைப்பழத்தை நீட்டினார்.

படம் நன்றாக வந்திருக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை. முதுகின் ஒவ்வொரு நீல முனையும் தெரிகிறது. வாய் இறகின் மேல். நான் எடுத்த படங்களிலேயே இதுதான் சிறந்தது. பேராசிரியர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "இது போதும்மா" என்றார். நான் அத்தியாயத்தில் இரண்டு இடங்களைத் திருத்தினேன். வாழிடம், சூரை ஆலைத் துறை, கண்டவர் நோவ்ரி. படம், பிராணியை இடம் நகர்த்தி எடுக்கப்பட்டது, பிராணி தொலைந்தது. இரண்டாவது வரி தேவையா என்று அவர் கேட்டார். தேவை என்றேன். தேர்வுக் குழு அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று தெரியாது.

நீ கேட்ட கேள்விக்கு, "மூஞ்சிக்கு நேரா ஏன் சொல்லவில்லை" என்றதற்கு, இப்போது ஒரு பதில் இருக்கிறது. நேராகச் சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய், "ஒரு விரக்கடைதானே" என்று சொல்லியிருப்பாய், நான் நம்பியிருப்பேன். ஒரு விரற்கடை என்பது எவ்வளவு சிறியதாகத் தெரிகிறது என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த மீனைப் பற்றி நான் எழுதியது சரி. இப்போதும் சரிதான் என்கிறேன். ஆனால் எழுதும்போது என் கை எவ்வளவு சுத்தம் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன் பார், அது சரியில்லை.

ஸ்லைடின் பிரதி ஒன்று இதோடு இருக்கிறது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார். டீசல் டின்னுக்கு அடியில் வைக்காதே.

இன்று காலை மேலாளருக்கு எழுதிக் கொடுத்தேன். உன்னைப் பற்றி எழுதிய அதே அரைப் பக்கம், பெயர் மட்டும் என்னுடையது. பிறகு ஆலையின் பின்புறம் போய், லாரி இன்னமும் அள்ளாத குப்பையிலிருந்து கயிற்றை எடுத்துச் சுருட்டி, ஊத்து மாமாவின் படகில் ஏற்றி, இறகு மறுபடி பிடிக்கட்டும் என்று உன் முடிச்சின் பக்கத்திலேயே இறக்கிக் கட்டினேன்.

ஃபெம்மி